இயக்கமும் விசையும்



கையிலிருந்து எறிந்த கல், கையை விட்டு நீங்கிய பின்னரும் ஏன் போய்க்கொண்டே இருக்கிறது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்கு இது மிகச் சிறிய வினாவாகத் தோன்றும். ஆயினும் இதற்கு நேரான விடை காண உலகத்து அறிஞர்களுக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பிடித்தன என்பதையும், அந்த விடையும் வினாவையே மாற்றி அமைத்த பிறகுதான் கிட்டியது என்பதையும் எண்ணிப் பார்க்கும்போது, பௌதிக சாஸ்திரத்தின் இந்த முதற்படியை இரண்டொரு வகுப்புகளில் நம் பிள்ளைகளைத் தாண்டச் செய்துவிடும் வழக்கத்தைக் குறித்து எனக்கு உள்ளபடியே கவலை உண்டாகிறது. நியூட்டனுடைய மூன்று விதிகளையும் தட்டுத்தடையின்றி ஒப்பிக்கும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். அவ்விதிகள் தம்மிடம் எவ்வளவு பெரிய மனமாற்றத்தைக் கோருகின்றன என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார்தாம் குறைவு.

கிறிஸ்து பிறப்பதற்கு முன் 384-இல் தோன்றி 322-இல் மறைந்த அரிஸ்டாட்டிலைத் தவறான கொள்கை கூறியவர் என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டு மேலே செல்வது பாடப்புத்தகங்களின் மரபாக இருக்கிறது. அது நியாயம் அன்று என்பது என் துணிபு. அவர் கண்ணால் கண்டதையே கூறினார். பலர் கூடி இழுத்தால் கரையில் கிடக்கும் கப்பல் நகர்கிறது. இழுப்பதை நிறுத்திய உடனே அதுவும் நின்றுவிடுகிறது. ஓர் ஆள் தனியே நின்று நாள் முழுவதும் இழுத்தாலும் அது அசைவதே இல்லை. இவற்றையெல்லாம் கண்ட ஒருவர், இயக்கம் உள்ளவரையில் இயக்கும் காரணமும் கூடவே இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்தால், அதைப் பிரத்தியட்சத்துக்கு மாறான முடிவு என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? அவர் இயக்கத்தை இயல்பானது என்றும் வலிந்து ஊட்டப்பட்டது என்றும் இருவகையாகப் பிரித்தார். மண்ணின் அம்சம் மிகுந்த கல் உலகத்தின் நடுவை நாடி விழுவதும், நெருப்பு மேல்நோக்கி எழுவதும் இயல்பானவை. கல்லை மேலே எறிவதும் அம்பை எய்வதும் வலிந்து செய்பவை. வலிந்து ஊட்டிய இயக்கத்துக்கு, அது நீடிக்கும் ஒவ்வொரு கணமும், பொருளைத் தொட்டுக்கொண்டு தள்ளுகிற ஒன்று வேண்டும்.

அப்படியானால், கையை விட்டகன்ற கல்லைத் தொட்டுக்கொண்டு தள்ளுவது எது? இந்த இடத்தில்தான் அந்த மகா மேதைக்கு இடர்ப்பாடு நேர்ந்தது. கை கல்லை அசைக்கும்போதே அதைச் சூழ்ந்த காற்றையும் அசைக்கிறது என்றும், அசைந்த காற்று தானும் அசைக்கும் வல்லமை பெற்றுக் கல்லை மேன்மேலும் உந்திச் செல்கிறது என்றும் அவர் விடை கூறினார். தம் கொள்கையைக் கடைசிவரை கைவிடாமல் பின்தொடர்ந்த ஒருவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

இந்த விடையில் திருப்தி அடையாதவர்கள் பின்வந்த நூற்றாண்டுகளில் பலர் இருந்தார்கள். 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஜான் பிலோபோனஸ், காற்றுதான் தள்ளுகிறது என்றால் கல்லைக் கையால் தொடவே வேண்டியதில்லையே, அதன் பின்னால் காற்றைக் கிளப்பிவிட்டாலே போதுமே என்று கேட்டார். எறிபவர் கல்லுக்குள் ஓர் உந்துதலைப் பதித்து அனுப்புகிறார் என்பது அவருடைய மதம். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு சீனாவும், 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் பூரிதானும் இக்கருத்தை மேலும் மேலும் செப்பம் செய்தார்கள். அவ்வுந்துதல் தானாகத் தேய்வதில்லை, காற்றின் எதிர்ப்பாலும் பளுவாலும்தான் தேய்கிறது என்று சொல்லும் அளவுக்குப் பூரிதான் வந்துவிட்டார்.

நம் தேசத்துத் தத்துவ சாஸ்திரங்களிலும் இவ்விசாரணை உண்டு. கணாதர் பெயரால் வழங்கும் வைசேஷிக சூத்திரம் எய்த அம்பின் கதியை ஆராயும்போது, அம்பின் முதல் அசைவு உந்துதலால் நிகழ்கிறது என்றும், அவ்வசைவு அம்பினிடத்தே ஒரு சம்ஸ்காரத்தைத் தோற்றுவிக்க அதனால் அடுத்தடுத்த அசைவுகள் நிகழ்கின்றன என்றும், அந்தச் சம்ஸ்காரம் இல்லாதபோது குருத்துவத்தால் அம்பு வீழ்கிறது என்றும் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறது. இதைக் கொண்டு நியூட்டன் சொன்னதெல்லாம் நம் முன்னோர் முன்பே சொன்னதுதான் என்று வாதிப்போர் இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரே பாய்ச்சலாகத் தோன்றும் நிகழ்ச்சியை உந்துதல், சம்ஸ்காரம், குருத்துவம் என்று மூன்று காரணங்களாகப் பகுத்த அந்தப் புத்தியின் கூர்மை, பிறர் புகழைக் கடன் வாங்க வேண்டாத அளவுக்குத் தானே பெரியது.

ஆனால் பிலோபோனஸ் முதல் பூரிதான் வரை, நம் வைசேஷிகர் உட்பட, அனைவருக்கும் பொதுவாக இருந்த ஒரு நம்பிக்கையை நாம் கவனிக்க வேண்டும். இயங்கும் பொருள் தொடர்ந்து இயங்குவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதே அது. அரிஸ்டாட்டில் அக்காரணத்தைப் பொருளுக்கு வெளியே காற்றில் வைத்தார். இவர்கள் பொருளுக்கு உள்ளே வைத்தார்கள். வினா மட்டும் மாறவில்லை.

1564-இல் பைசா நகரத்தில் ஓர் இசைவாணரின் மகனாகப் பிறந்த கலிலியோ கலிலி, முதலில் பைசாவிலும் பின்னர் 1592 முதல் 18 ஆண்டுகள் பாதுவாவிலும் கணிதம் போதித்தார். சாய்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து அவர் குண்டுகளைப் போட்டுக் காட்டிய கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தக் கதைக்கு ஆதாரம் அவருடைய மாணவர் விவியானி பிற்காலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறுதான். கோபுரக் கதை எப்படி இருப்பினும், 1586-இலேயே ஹாலந்து தேசத்து சீமோன் ஸ்டெவின் என்பவர், ஒன்று மற்றொன்றைப் போலப் பத்து மடங்கு பளுவுடைய இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகையின்மேல் விழவிட்டு, இரண்டும் ஒரே ஓசையாக விழுந்தன என்று அச்சிலேயே வெளியிட்டிருந்தார். ஆகவே கலிலியோவின் தனிப்பெருமையை நான் கோபுரத்தில் தேடவில்லை. அவர் சாய்த்து வைத்த ஒரு மரப்பலகையில் தேடுகிறேன்.

உயரத்திலிருந்து விழும் கல், முதல் விநாடிக்குள் 4.9 மீட்டர், இரண்டு விநாடிக்குள் 19.6 மீட்டர், மூன்று விநாடிக்குள் 44.1 மீட்டர் விழுந்துவிடுகிறது. விநாடியைச் சரியாகக் காட்டும் கடிகாரம் ஒன்றுமே இல்லாத காலத்தில், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிற இந்த நிகழ்ச்சியை அளப்பது எப்படி? விழுதலை மெதுவாக்கினால் அளக்கலாம் என்று கலிலியோவுக்குத் தோன்றியது. 1638-இல் லைடன் நகரத்தில் அச்சான தம் கடைசி நூலில், தாம் செய்த சோதனையை ஒரு தச்சனும் படித்துச் செய்துவிடக்கூடிய தெளிவோடு அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்நாட்டு முழக்கணக்கில் 12 முழ நீளமும், அரை முழ அகலமும், மூன்று விரல் கனமும் உள்ள ஒரு மரப்பலகை. அதன்மேல் ஒரு விரலுக்குச் சற்று மிகுந்த அகலத்தில் நேராக வெட்டிய ஒரு வாய்க்கால். அதை வழுவழுப்பாக இழைத்து, உள்ளே மெருகிட்ட தோல்தாளை ஒட்டி, கடினமான, நன்கு உருண்ட ஒரு வெண்கலக் குண்டை அதில் உருளவிட்டார். பலகையின் ஒரு முனையை ஒரு முழமோ இரண்டு முழமோ மட்டும் உயர்த்தியிருந்ததால் குண்டு நிதானமாக இறங்கியது. நேரத்தை அளக்க, உயரத்தில் வைத்த பெரிய பாத்திரத்தின் அடியில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, குண்டு உருளும் நேரம் முழுவதும் அதிலிருந்து விழும் நீரை ஒரு சிறு குவளையில் பிடித்து, நுட்பமான தராசில் நிறுத்துப் பார்த்தார். நீரின் எடைக்கு எடை விகிதம் எதுவோ அதுவே நேரத்துக்கு நேரம் விகிதம்.

நூறு முறை திரும்பத் திரும்பச் செய்தும், நாடித்துடிப்பின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு காணவில்லை என்று அவர் எழுதியதை, 20-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தர் கொய்ரே என்ற பெரிய சரித்திர ஆசிரியர் நம்ப மறுத்தார். இத்தகைய எளிய கருவிகளால் அத்தனை நுட்பம் சாத்தியமில்லை, கலிலியோ சிந்தனையால் கண்டதைச் சோதனை செய்ததாக எழுதிவிட்டார் என்பது அவர் கருத்து. 1961-இல் தாமஸ் செட்டில் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், வாதம் செய்வதை விட்டுவிட்டு, பலகையும் குண்டும் நீர்ப்பாத்திரமும் தேடிக்கொண்டு தாமே அதைச் செய்து பார்த்தார். கலிலியோ சொன்ன நுட்பம் எட்டக்கூடியதுதான் என்று தெரிந்தது. சாஸ்திர விவாதங்கள் எல்லாவற்றையும் இப்படித் தீர்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்தப் பலகை சொன்னது என்ன? சமமான காலப் பகுதிகளில் குண்டு கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களின் வரிசையில் வளர்கின்றன. மொத்தத் தூரங்கள் 1, 4, 9, 16 என்று காலத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகின்றன. பலகையை எவ்வளவு சாய்த்தாலும் இந்த விகிதம் மாறுவதில்லை. இதன் உட்பொருள், ஒவ்வொரு சமமான காலப் பகுதியிலும் குண்டின் வேகம் சம அளவில் கூடுகிறது என்பதாகும். இங்கே சற்று நின்று யோசிக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குண்டை இழுக்கும் பளு, மேலே இருக்கும்போதும் அதேதான், கீழே வரும்போதும் அதேதான். காரணம் மாறாமல் இருக்க, காரியமாகிய வேகமோ வளர்ந்துகொண்டே போகிறது. விசைக்கு நேர்ப்பயன் வேகம் என்பது உண்மையானால், மாறாத விசையிலிருந்து மாறாத வேகமல்லவா பிறக்க வேண்டும்? மாறாத விசையிலிருந்து பிறப்பது மாறாத அளவில் வளரும் வேகம் என்று ஒரு மரப்பலகை காட்டிவிட்டபோதே, பழைய மாளிகையின் அஸ்திவாரம் விரிசல் கண்டுவிட்டது.

அடுத்த அடியைக் கலிலியோ கருவியால் எடுத்து வைக்கவில்லை, யுக்தியால் எடுத்து வைத்தார். இறங்கும் சாய்வில் உருளும் குண்டு விரைவு பெறுகிறது. ஏறும் சாய்வில் உருளும் குண்டு விரைவு இழக்கிறது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத சமதளத்தில் உருளும் குண்டு விரைவு பெறுவதற்குத்தான் என்ன காரணம், இழப்பதற்குத்தான் என்ன காரணம்? மேலும், ஒரு சாய்வில் இறங்கிய குண்டு எதிரே உள்ள சாய்வில் ஏறும்போது, தான் புறப்பட்ட உயரத்தை ஏறக்குறைய எட்டும்வரை நிற்பதில்லை; எதிர்ச்சாய்வைத் தாழ்த்தினால், அதே உயரத்தை எட்டுவதற்கு அது இன்னும் நெடுந்தூரம் போக வேண்டியதாகிறது; எதிர்ச்சாய்வை முற்றிலும் படுக்க வைத்துவிட்டால் அந்த உயரத்தை எட்டும் சந்தர்ப்பமே அதற்கு வாய்ப்பதில்லை, ஆகவே அது நிற்பதற்கும் நியாயமில்லை.

ஆனால் உண்மையில் உருளும் குண்டு நின்றுதானே விடுகிறது என்று நீங்கள் கேட்கலாம். நிற்கிறது, தரையின் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் அதை நிறுத்துகின்றன. தரையை மேலும் மேலும் வழவழப்பாக்கினால் குண்டு மேலும் மேலும் தூரம் செல்கிறது என்பதைக் கண்ணால் காணலாம். உராய்வே இல்லாத தரையை மட்டும் எவரும் கண்டதில்லை. காண்பவற்றின் போக்கைப் பார்த்து, காணாத எல்லையில் என்ன நிகழும் என்று அனுமானிக்கும் துணிவுதான் கலிலியோவை அரிஸ்டாட்டிலிடமிருந்து பிரிக்கிறது. அரிஸ்டாட்டிலும் நுணுகிப் பார்த்தவர்தாம். ஆனால் உலகில் எங்கும் நிறைந்திருக்கும் எதிர்ப்பை இயக்கத்தினின்று பிரிக்க முடியாத ஓர் அம்சமாகவே அவர் கொண்டார். கலிலியோ அதைப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றாகப் பிரித்து எடுத்து வைத்தார். அப்படிப் பிரித்த மாத்திரத்தில் வினா தலைகீழாகத் திரும்பியது. கல் ஏன் போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. அது ஏன் வேகம் மாறுகிறது, ஏன் திசை திரும்புகிறது, ஏன் நிற்கிறது என்றுதான் கேட்க வேண்டும். ஓய்வு எப்படிக் காரணம் வேண்டாத நிலையோ, அப்படியே சீரான நேர் இயக்கமும் காரணம் வேண்டாத ஒரு நிலைதான்.

ஓய்வும் சீரான இயக்கமும் ஒரே தரத்தன என்பது சாதாரணமாக விழுங்கக்கூடிய செய்தி அன்று. 1632-இல் வெளிவந்து, மறு ஆண்டே அவரை விசாரணை மன்றத்தின் முன் நிறுத்திய உரையாடல் நூலில், கலிலியோ ஒரு கப்பலின் அறைக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். பட்டாம்பூச்சிகள் சில பறக்கின்றன. ஒரு பாத்திரத்தில் மீன்கள் நீந்துகின்றன. தொங்கும் குப்பியிலிருந்து சொட்டும் நீர், கீழே உள்ள குறுகிய வாயுடைய பாத்திரத்தில் துளி தவறாமல் விழுகிறது. கப்பல் நிற்கும்போது இவற்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கப்பல் எவ்வளவு விரைவாகச் சென்றாலும், ஆட்டமில்லாமல் ஒரே சீராகச் செல்லும்வரையில், இவற்றில் எதிலும் அணுவளவு மாறுதலையும் நீங்கள் காண மாட்டீர்கள். 1640-இல் கசெண்டி என்ற பிரெஞ்சு அறிஞர் மார்செய் துறைமுகத்தில் விரைந்து செல்லும் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து கற்களைப் போடச் செய்து பார்த்தார். கற்கள் பின்தங்கிக் கடலில் விழாமல் பாய்மரத்தின் அடியிலேயே விழுந்தன. பூமி சுழலுமானால் மேலே எறிந்த கல் நெடுந்தூரம் தள்ளியல்லவா விழ வேண்டும் என்று நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்த ஆட்சேபத்துக்கு அதுவே விடையாயிற்று. தமிழ்நாட்டின் எந்த ஊரும் பூமியின் சுழற்சியால் விநாடிக்கு 450 மீட்டருக்கு மேல் கிழக்கு நோக்கி விரைகிறது. பூமியோ சூரியனைச் சுற்றி விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இத்தனை வேகத்திலும் நாம் இந்த மண்டபத்தில் அமைதியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடிகிறதென்றால், வேகம் என்பது உணரப்படும் பொருளே அன்று, வேகத்தின் மாறுதலே உணரப்படுகிறது என்பதுதான் காரணம். பேருந்து சீராக ஓடும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும்போதுதான் முன் இருக்கையின் கம்பியைத் தேடுகிறோம்.

கலிலியோவிடம் ஒரு குறை எஞ்சியிருந்தது. தடையின்றித் தொடரும் இயக்கம் பூமியின் உருண்டையைச் சுற்றி வட்டமாகவே செல்லும் என்று அவர் எண்ணியிருந்தார். அதை நேர்கோடு என்று திருத்தி 1644-இல் நூலில் அறிவித்தவர் டெக்கார்ட். இது சிறு திருத்தம் போலத் தோன்றினாலும் இதனால் விளைந்த பயன் அளவற்றது. ஏனெனில், தடையற்ற பொருள் நேர்கோட்டில்தான் செல்லும் என்றால், சந்திரன் பூமியை வட்டமாகச் சுற்றுவதற்கு அதை ஒவ்வொரு கணமும் நேர்கோட்டிலிருந்து திருப்புகிற ஒரு விசை இருந்தாக வேண்டும். முன்னைய வானசாஸ்திரிகள் கிரகங்களைப் பின்னாலிருந்து தள்ளுவது எது என்று தேடினார்கள். இனித் தேட வேண்டியது பக்கவாட்டில் இழுப்பது எது என்பதாயிற்று.

அதைத் தேடிக் கண்டவர் ஐசக் நியூட்டன். 1684-இல் எட்மண்ட் ஹாலி கேம்பிரிட்ஜுக்குச் சென்று அவரிடம் கிரகங்களின் பாதையைப் பற்றி ஒரு வினாவைக் கேட்டதும், அதிலிருந்து 1687-இல் பிரின்ஸிபியா என்ற பெருநூல் பிறந்ததும், அச்சுச் செலவை ஹாலி தம் சொந்தப் பணத்திலிருந்தே ஏற்றதும் யாவரும் அறிந்த சரித்திரம். அந்நூலின் தொடக்கத்தில் நிற்பவைதாம் மூன்று விதிகள். தன்மேல் விசை ஒன்றும் செயற்படாதவரையில் ஒரு பொருள் தன் ஓய்விலோ, நேர்கோட்டில் சீரான இயக்கத்திலோ நிலைத்திருக்கும் என்பது முதலாவது. இயக்கத்தின் மாறுதல், செலுத்தப்பட்ட விசைக்கு ஏற்ற அளவிலும் அவ்விசையின் திசையிலும் நிகழும் என்பது இரண்டாவது. கலிலியோவின் பலகையும் டெக்கார்ட்டின் நேர்கோடும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டன. சந்திரன் பூமியின் நடுவிலிருந்து பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுப்பு குறையுமானால், அது அங்கே 3600-இல் ஒரு பங்காக வேண்டும். இங்கே ஒரு விநாடியில் 4.9 மீட்டர் விழும் கல், அங்கே ஒரு விநாடியில் 1.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விழ வேண்டும். விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சந்திரன், தன் நேர்கோட்டிலிருந்து ஒவ்வொரு விநாடியும் பூமியை நோக்கி வளைவது அந்த அளவேதான். தோட்டத்துப் பழத்தையும் ஆகாயத்துச் சந்திரனையும் ஒரே கணக்கில் சேர்த்த அந்தக் கணம், மனித புத்தியின் வரலாற்றில் நான் மிகவும் வியந்து போற்றும் கணங்களில் ஒன்று.

இரண்டாவது விதியின் பயனை நாம் விளையாட்டு மைதானத்திலேயே காணலாம். ஏறக்குறைய 160 கிராம் பொருண்மையுள்ள கிரிக்கெட் பந்து, விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையை விறைப்பாக வைத்து விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் அதை நிறுத்தினால், கை தாங்க வேண்டிய சராசரி விசை 480 நியூட்டன். 49 கிலோ எடையைத் தாங்குவதற்கு அது சமம். அதே பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே விநாடியின் நூறில் ஐந்து பங்கு நேரத்தில் நிறுத்தினால் விசை 96 நியூட்டன்தான்; ஏறக்குறைய 10 கிலோவின் எடை. நிறுத்த வேண்டிய இயக்கம் இரண்டிலும் ஒன்றே. அந்த மாறுதலை நெடுநேரத்துக்குப் பரப்பினால் விசை குறைகிறது. சூத்திரத்தைக் கேள்விப்படாத சிறுவர்களும் இதைக் கையால் அறிந்திருக்கிறார்கள்.

மூன்றாவது விதியைப் பற்றி மாணவர்கள் படும் சங்கடம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்றால், மாடு வண்டியை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே வண்டியும் மாட்டைப் பின்னுக்கு இழுக்கிறது; இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட, வண்டி நகர்வது எப்படி? கேள்வி கூர்மையானதுதான். ஆனால் அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின்மேல் செயற்படவில்லை என்பதை இதில் கவனிக்கவில்லை. ஒன்று வண்டியின்மேல், மற்றொன்று மாட்டின்மேல். வெவ்வேறு பொருள்களின்மேல் செயற்படும் விசைகள் ஒன்றையொன்று அழிப்பதில்லை. வண்டி நகருமா என்று அறிய வண்டியை மட்டும் தனியே பாருங்கள்: மாட்டின் இழுப்பு, சக்கரத்தின் எதிர்ப்பைவிட மிகுந்தால் வண்டி கிளம்புகிறது. மாட்டை மட்டும் தனியே பாருங்கள்: அது குளம்பால் தரையைப் பின்னுக்குத் தள்ள, தரை அதை முன்னுக்குத் தள்ளுகிறது; அத்தள்ளுதல் வண்டியின் பின்னிழுப்பைவிட மிகும்போது மாடு முன்னேறுகிறது. சேற்றில் குளம்பு வழுக்கும்போது, மாட்டுக்கு எவ்வளவு வலிமை இருந்தும் வண்டி நகராததற்குக் காரணம், தரை அதை முன்னுக்குத் தள்ள மறுப்பதுதான். எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொண்டு, அதன்மேல் பிற பொருள்கள் செலுத்தும் விசைகளை மட்டும் எண்ணும் பழக்கம் வந்துவிட்டால், இந்தச் சாஸ்திரத்தின் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும்.

இனி, என் மனத்தில் முதன்மையாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாணயத்தை நேரே மேலே சுண்டிவிடுகிறோம். அது கையை விட்டு நீங்கி, உச்சியை அடையும் முன், மேலே சென்றுகொண்டிருக்கிற அந்த நேரத்தில் அதன்மேல் செயற்படும் விசைகள் எவை? 1982-இல் அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர், பொறியியல் பயிலும் கல்லூரி மாணவர்களிடம் இதைக் கேட்டு முடிவுகளை வெளியிட்டார். பெரும்பாலோர் கீழ்நோக்கிய பளுவையும், அதனினும் பெரிய மேல்நோக்கிய ஒரு விசையையும் வரைந்து காட்டினார்கள். கை தந்த விசை நாணயத்தோடு கூடவே செல்கிறது என்பது அவர்கள் விளக்கம். பிலோபோனஸும் பூரிதானும் சொன்னதையே, அவர்களைப் படித்தறியாத பிள்ளைகள் தாமாகவே சொன்னார்கள். சரியான விடை, காற்றின் சிறு எதிர்ப்பை விட்டுவிட்டால், கீழ்நோக்கிய பளு ஒன்றே என்பதுதான். மேலே ஏறும்போதும், உச்சியில் ஒரு கணம் நிற்கும்போதும், இறங்கும்போதும் அது ஒன்றே, மாறாமல். நாணயம் மேலே செல்வதற்கு விசை வேண்டியதில்லை. மேலே செல்லும் வேகத்தைக் குறைத்து, தீர்த்து, திசை திருப்பிக் கீழே கூட்டுவதற்குத்தான் விசை வேண்டும், அதைப் பளு செய்கிறது.

அந்த மாணவர்களை நான் குறை கூறவில்லை. பிறந்தது முதல் உராய்வு நிறைந்த உலகில் பொருள்களைத் தள்ளியும் இழுத்தும் வளர்ந்த பிள்ளையின் அனுபவம், அரிஸ்டாட்டிலின் பக்கமே சாட்சி சொல்கிறது. அந்த அனுபவத்தை எதிர்த்து மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொன்னால், வாக்கியங்கள் விடைத்தாளில் இருக்கும், நம்பிக்கை பழைய இடத்திலேயே இருக்கும். 1977 செப்டம்பர் 5-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 என்ற விண்கலம், தன்னை முன்னே தள்ளும் இயந்திரம் எதுவும் இயங்காமலே, விநாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் சூரிய மண்டலத்தை விட்டு அகன்று சென்றுகொண்டிருக்கிறது என்று சொல்லும்போது, எரிபொருள் இல்லாமல் எப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வியை அடக்கிவிடக் கூடாது. அது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதிலிருந்துதான் பாடமே தொடங்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் நான் வைக்கும் விண்ணப்பம் ஒன்றுதான். விதிகளைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால், ஒரு நீண்ட பலகையையும் ஒரு குண்டையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். பலகையைச் சற்றே சாய்த்துக் குண்டை உருட்டுங்கள். பிள்ளைகள் கையால் தாளம் போட்டு, தாளத்துக்கு ஒரு கோடு வீதம் பலகையில் சாக்கட்டியால் குறிக்கட்டும். கோடுகளின் இடைவெளி 1, 3, 5 என்று விரிவதை அவர்களே அளந்து சொல்லட்டும். அப்புறம் நாணயத்தைச் சுண்டிக் காட்டி, அதன்மேல் உள்ள விசைகளை ஒவ்வொருவரும் தாளில் வரையச் சொல்லுங்கள். வரைந்தது தவறாக இருந்தால் அடித்துத் திருத்தாமல், ஏன் அப்படி எண்ணினாய் என்று கேளுங்கள். இதற்கு இரண்டு வகுப்புகள் கூடுதலாகச் செலவாகும். பரீட்சை அட்டவணையில் அந்த இரண்டு வகுப்புகளுக்கு இடம் பெற்றுத் தருவது, பள்ளிகளை நடத்துகிறவர்களின் பொறுப்பு.